மணிக்கட்டுக்குக் கீழே

2004 புரட்டாசி, வியாழன் இரவு.

எலும்பு முறிவு வார்டில் எனக்கு நர்ஸ் பயிற்சி. ஆமத்தூர் முத்துலட்சுமி அக்கா மூன்று நாளாக அங்கே கிடக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து வலது கை சிதைந்துவிட்டது. காலையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"பெலாஞ்சஸ் எதுவும் தேறாது. மெட்டாகார்பலும் போச்சு. ரிஸ்ட் ஜாயின்ட்ல எடுத்துரலாம். நீயே எடுத்துச் சொல்லிக் கைநாட்டு வாங்கிரும்மா."

அவர் நகர்ந்ததும் அக்கா கேட்டாள்: "என்ன தாயி சொல்லிட்டுப் போறாக?"

விரல் எலும்பு, உள்ளங்கை எலும்பு, மணிக்கட்டு மூட்டு. போன மாதம் இந்தப் பெயர்களைத் தப்பில்லாமல் எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். அவள் முகத்தைப் பார்த்ததும் தமிழில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மணிக்கட்டுப் பக்கம் சுத்தம் பண்ணணுமாம்க்கா."

"அம்புட்டுதானா?" என்று சிரித்தபடி இடது பெருவிரலை நீட்டினாள். நான்தான் மை தடவினேன்.

மாலையில் அவளுக்கு மயக்கம் தெளிந்தது. கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. போர்வை மூடியிருந்ததால் அவள் இன்னும் பார்க்கவில்லை.

"சுண்டுவிரலு ரொம்ப வலிக்கி தாயி. கட்டக் கொஞ்சம் தளத்தி விடேன்."

போர்வைக்குள் கைவிட்டேன். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணிதான் இருந்தது. அதைச் சும்மா நகர்த்தினேன்.

"இப்பத் தேவல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விடுதிக்கு வந்து நேரமாகிவிட்டது, அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. காலையில் கட்டு மாற்றுவார்கள். அதற்கு முன்னால் நான் போய்ச் சொல்லியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பேன் என்றுதான் தெரியவில்லை.