ஏரிக்கரையில் உன் பெயரில் ஒரு விளக்கு

கிறிஸ்துமஸ் ஸ்டார் வைத்திருந்த அட்டைப்பெட்டியை இன்று பரணிலிருந்து இறக்கினேன். அடியில் ஒரு துண்டு சிவப்புக் கண்ணாடித்தாள் கிடந்தது. நீ டார்ச்சில் சுற்றிக் கட்டியதன் மிச்சம். அழுகை வந்துவிட்டது. பெட்டியை அப்படியே மூடிவிட்டேன்.

கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் நாம் இருவரும் நட்சத்திரம் பார்க்க ஏரிக்கரைக்கு நடப்போம். விளக்குக் கம்பம் நடாத கிழக்குக் கரையில் மட்டும்தான் நம் பெங்களூர் மர்பி டவுனுக்கு வானம் மிச்சம் இருந்தது. "வெள்ளை வெளிச்சம் பட்டா இருட்டு பழகின கண்ணு போயிடும்டி, செவப்புன்னா ஒண்ணும் ஆகாது" என்று டார்ச்சைத் தாழ்த்திப் பிடிப்பாய். பகலெல்லாம் பீன்யா கம்பெனியில் தெருவிளக்குகளின் பாகங்களைப் பூட்டுகிறவள், பொழுது சாய்ந்தால் இருட்டைத் தேடிப் போகிறாளே என்று உன்னைக் கிண்டல் செய்வேன். "அல்வா கடைக்காரன் அல்வா தின்னுவானா?" என்பாய்.

கரையெங்கும் உயரக் கம்பத்தில் விளக்கு வரப்போகிறது என்றதும் அதை மாற்றச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய். நானும் கூடவே வந்தேன். "லேடீஸ் நடக்கற ஜாகாம்மா, லைட் பேக்கல்வா?" என்று அதிகாரி கேட்டார். பெண்கள் நடக்கிற இடத்தில் வெளிச்சம் வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பேக்கு சார், கண்டிப்பா வேணும். தரைக்குப் போடுங்க. வானத்துல யாரு நடக்கறாங்க?" அவரும் சிரித்துவிட்டார். இடுப்பு உயரத்தில், மேலே மூடி போட்ட விளக்குகள் வந்தன. பாதையும் தெரிந்தது, நட்சத்திரமும் தெரிந்தது.

அதன் பிறகுதான் நீ படுக்கையில் விழுந்தாய். எழவே இல்லை.

போன மாதம் உன் நினைவாக நம் தெருச் சங்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள். எப்படிச் சொல்வேன்? அதே கிழக்குக் கரையில், தென்னை உயரக் கம்பத்தில், ஊரே வெளுக்கும்படி ஒரு விளக்கு. அடியில் பளிங்குக் கல்லில் உன் பெயர். "அக்கா எப்பவும் லைட்டு லைட்டுன்னு அலைஞ்சாங்கல்ல, அதான்" என்றார் சங்கத் தலைவர், கண் கலங்க. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். பால் கலந்தாற்போல் இருந்தது வானம், ஒரு நட்சத்திரம்கூட இல்லை. பாசத்தில் செய்தவர்களை எந்த வாயால் திட்டுவது?

திங்கட்கிழமை அதே அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். கல் இருக்கட்டும், விளக்கை மட்டும் இறக்கி மூடி போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அன்று நீ அவரிடம் சொன்ன வார்த்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன்னைப்போல் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.