வண்டூர் மணலில் செவலை

சிப்பிகாட்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

என் செல்லப் பேத்தி கவிப்ரியாவுக்கு அப்பத்தா ஜெயலட்சுமி ஆசையோடு எழுதுவது. நீ அங்கே சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நர்ஸ் படிப்பையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். செவலைக்குத்தான் கால் சரியில்லை.

போன் இருக்கும்போது அப்பத்தா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மாவின் காது என் பக்கத்திலேயே நிற்கும். நான் சொல்லப் போவதெல்லாம் அவளைப் பெற்றவளைப் பற்றி. பக்கத்து வீட்டு நல்லதம்பி இந்தத் தீவிலிருந்து கப்பலில் மெயின்லாந்து போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆவணியிலிருந்தே செவலை ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். கல் குத்தியிருக்கும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். பிறகு படுத்தால் எழுந்திருக்கவே யோசித்தாள். பால் பாதியாகிவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். வங்காளி, நல்ல மனுஷன். காலைத் தூணோடு சேர்த்துக் கட்டிக் குளம்பைக் கத்தியால் சீவினார். அடியில் புளியங்கொட்டை அளவுக்குப் புண். பிளந்த குளம்பில் நல்ல பாதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிட்டார், புண்ணுள்ள பாதி தரையில் படாமல் இருக்கட்டும் என்று. மாட்டுக்குச் செருப்புப் போட்டதை இந்த வயதில்தான் பார்த்தேன். மாஜி, சிமென்ட் பே மத் ரக்கோ, அதாவது சிமென்டில் கட்டாதீர்கள், ஈரச் சிமென்ட் தரையில் நின்று நின்றுதான் குளம்பு ஊறிப் புண்ணாகிவிட்டது, இனி காய்ந்த, மெத்தென்ற தரை வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் படுத்தது படுத்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தரை உன் அப்பன் ஆசையாகப் போட்டது. உன் அம்மா மீனா இப்போது என்ன சொல்கிறாள் தெரியுமா? எங்கம்மா அடுப்படிக்கு டைல்ஸ் போட்டதப் பாத்துட்டு வந்து, நம்ம வீட்ல மாடுகூட சிமென்ட்லதான் நிக்கணும்னு அத்தைதான் ஒத்தக்கால்ல நின்னாங்க என்கிறாள். உன் அம்மா கல்யாணத்தில் எந்தப் பந்தியில் அப்பளம் தீர்ந்தது என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் ஞாபகம் இல்லை.

ரப்பர் பாய் வாங்கிப் போட்டோம். மழையில் அதன் அடியில் தண்ணீர் நின்று இன்னும் வழுக்கியது. அப்போதுதான் உன் அம்மா, எங்கம்மா வீட்டுக் கொல்லை பூரா மணலுதானே அத்தை, வண்டூர்ல கொண்டுபோய் விட்டா என்ன என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மாடு நிற்கிற நிற்பைப் பார்க்க முடியவில்லை. டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

ஏன் எரிந்தது என்று கேட்பாய். கடல் பொங்கி நம் நெல்வயல் எல்லாம் உப்புத் தண்ணீருக்குள் போனபோது நீ கைக்குழந்தை. அன்றைக்கு உன் அம்மாச்சி வைஜெயந்தி ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் கட்டினாள். ஊரே கூடி நிற்கும்போது, பேத்தியாவது பாலு குடிக்கட்டும் சம்பந்தி, ஒங்க வீட்ல இனி என்ன இருக்கு என்றாள். அந்தக் கிடாரியின் கடைசிக் கன்றுதான் செவலை. அந்த வார்த்தையை நான் இன்றுவரை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

செவலை அங்கே போனது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கொல்லையில் தென்னைக்கு அடியில் மகாராணி மாதிரி படுத்து அசை போடுகிறாள். நான் கூப்பிட்டேன். காதை மட்டும் ஆட்டினாள். உன் அம்மாச்சி, ஏ லட்சுமி, எந்திரிடி என்று ஒரு அதட்டல் போட்டாள். உடனே எழுந்து போய் அவள் முந்தானையை நக்குகிறது! நாம் வைத்த பெயர் செவலை. அவள் என் பெயரில் பாதியை என் மாட்டுக்கு வைத்து அதட்டுகிறாள். கேட்டால், பாசமாத்தானே வச்சேன் சம்பந்தி என்று சிரிக்கிறாள்.

அது மட்டுமா. தினமும் காலையில் கண்டக்டரிடம் ஒரு தூக்குவாளி பால் கொடுத்து அனுப்புகிறாள். என் மாட்டுப் பால் எனக்கே தானம் மாதிரி வருகிறது. மீதிப் பாலில், படகுத்துறை ஜெட்டிக்கு வரும் டூரிஸ்ட்காரர்களுக்கு டீ போட்டு விற்கிறாள். வாளியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் அம்மா அதில் தயிர் உறைய வைக்கிறாள். நான் தொடுவதில்லை.

நீ சொன்னால் அவள் கேட்பாள். நீ அவளுக்கு வாரம் தவறாமல் போன் பேசுவது எனக்குத் தெரியும். அப்பத்தாவுக்கு மாட்டைத் திருப்பி அனுப்பு என்று சொல். நான் எழுதியதாகச் சொல்லாதே.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காப்பான்.

அப்பத்தா


சிப்பிகாட்,
கார்த்திகை மாதம்.

அன்புப் பேத்திக்கு அப்பத்தாவின் முத்தங்கள்.

நீ சொன்ன மறுநாளே மாடு வந்துவிட்டது. உன் அம்மாச்சி சண்டை போடுவாள், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் செம்பருத்தி மாலை போட்டு, டெம்போவில் கூடவே உட்கார்ந்து வந்து, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

செவலை தொழுவத்து விளிம்பு வரைக்கும் நடந்தாள். சிமென்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தள்ளி ஏற்றினோம். அன்றைக்குப் படுக்கவே இல்லை. மறுநாளும் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். வைத்த புல் வைத்தபடி கிடந்தது. ஆறியிருந்த காலை மறுபடியும் தூக்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்து, மாஜி, உங்களுக்கு மாடு வேணுமா, வீம்பு வேணுமா என்று இந்தியில் கேட்டார். உன் அம்மா கிடந்த புல்லை அள்ளி எடுத்துக்கொண்டு போனாள்.

சிமென்டை உடைத்துப்போடு என்று உன் அப்பனிடம் சொன்னேன். ஒடச்சா கீழ சேறும்மா, கடல் ஓதம் ஏறுறப்ப உப்புத்தண்ணி ஊறும், அதுக்குத்தானே சிமென்டே போட்டேன் என்றான். வண்டூரிலிருந்து ரெண்டு டெம்போ மணல் கொண்டுவா என்றேன். கடற்கரை மணலை அள்ளினால் போலீஸ் பிடிக்கும் என்றான். மணல் மாட்டைத் தேடி வராது, மாடுதான் மணலைத் தேடிப் போக வேண்டும் என்று அப்புறம்தான் என் மண்டையில் ஏறியது.

இந்தத் தடவை நானே டெம்போவில் கூட உட்கார்ந்து போனேன். கொல்லையில் இறக்கியதும், கயிற்றை நான் அவிழ்ப்பதற்கு முன்னாலேயே செவலை முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டாள். அப்படி ஒரு பெருமூச்சு விட்டாள் கண்ணு. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றைக் கவனித்தேன். உன் அம்மாச்சி கழனித்தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்க்கவே இல்லை. நிறைத்தே வைத்திருந்தாள். மாடு திரும்பி வரும் என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

சரி, மாடு இங்கே இருக்கிற வரைக்கும் நானும் இங்கேதான் இருப்பேன், பால் கறப்பது என் கைதான் என்று சொல்லிவிட்டேன். இருங்க சம்பந்தி, புல்லு ரெண்டு கட்டா அறுத்துப் போட்டுட்டாப் போச்சு என்கிறாள். பார்த்தாயா வாயை! நானும் விடவில்லை. எனக்கு டைல்ஸ் தரை வழுக்கும், கட்டிலைக் கொல்லைப் பக்கம் போடச் சொல்லு என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அவள் வைக்கிற மீன்குழம்பில் புளி அதிகம். ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் துணிமணியை எடுத்துப்போகத்தான் இன்று சிப்பிகாட் வந்தேன். சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறேன்.

நீ பொங்கலுக்குக் கப்பல் ஏறுகிறாய் என்று உன் அப்பன் சொன்னான். இனி எங்களைப் பார்க்க நீ சிப்பிகாட், வண்டூர் என்று இரண்டு வீட்டுக்கு அலைய வேண்டாம். இரண்டு கிழவிகளும் ஒரே வாசலில் நிற்போம். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்டைத் திறக்கும்போது முதலில் அப்பத்தா என்று கூப்பிடு. நன்றாகச் சத்தமாகக் கூப்பிடு, அவள் காதில் விழ வேண்டும். அதற்கப்புறம் அம்மாச்சி என்றும் கூப்பிடு. ரொம்ப நேரம் கழித்து வேண்டாம், உடனேயே கூப்பிடு. பாவம், அவளும் அதே ஆசையோடுதான் நின்றுகொண்டிருப்பாள்.

நீ நல்லபடியாக வந்து சேர வழி பார்த்திருக்கும்,
உன் அப்பத்தா ஜெயலட்சுமி.