நான் விழுந்த தெரு

ஜூன் 6, செவ்வாய்

இன்று மூன்று தடவை விழுந்தேன். இரண்டு தடவை சிலுவையோடு, ஒரு தடவை முக்காட்டோடு. இடது முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. நான்கு வருடம் நாடகம் படித்தவளுக்கு இந்த பெய்ரூத்தில் கடைசியில் கிடைத்த பாத்திரம், தெருவில் விழுகிறவள். வசனம் கிடையாது. "ஆ" என்று ஒரு சத்தம் மட்டும். அதையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறாள் ஹானியா.

"பாவம்னு தோணணும் ஜோஸ்லின், பயந்துரக் கூடாது. ரொம்ப நடிக்காத."

ஹானியா பல்கலைக்கழகத்துக்காரி. மலையில் பிறந்தவள், கிறிஸ்தவளும் இல்லை, முஸ்லிமும் இல்லை, ஆகவே எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. தன் கூட்டத்தைச் சேராத ஒருத்தி கண்ணெதிரே விழுந்தால் மனிதன் கை கொடுப்பானா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நான் பெரிய சாலையைத் தாண்டி, முஸ்லிம்கள் இருக்கும் அந்தப் பக்கத்துத் தெருக்களில், ஒரு பை எலுமிச்சையோடு போய் விழவேண்டும். ஒரு தெருவில் கழுத்துச் சிலுவை தெரிய, இன்னொரு தெருவில் முக்காடு போட்டு. அவள் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிற சாக்கில் குறித்துக்கொள்வாள். ஒரு தெருவில் ஒரு தடவைக்கு மேல் விழக்கூடாது என்பது சட்டம்.

எலுமிச்சை மட்டும் நன்றாக உருள்கிறது.

ஜூன் 8

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. எங்கள் பக்கத்து இதய டாக்டர் பிரான்சுக்குப் போய் ஒரு வருடமாகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல டாக்டர்களாம். எங்கள் பால்கனியில் நின்றால் அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அம்மா அந்தச் சாலையை நாற்பது வருடமாகத் தாண்டவில்லை. சண்டைக் காலத்தில் அவள் அண்ணன் ரொட்டி வாங்கப் போனவர், தாண்டினார், திரும்பவில்லை.

"அந்தப் பக்கத்து ஊசி என் உடம்புல ஏறாதுடி. செத்தா இங்கயே சாகுறேன், கல்லறையாவது பக்கத்துல."

"நான் தினம் போய்ட்டு வரேனேம்மா."

"நீ நடிகை. எங்க போனாலும் உனக்கு ஒரு வேஷம் இருக்கு. எனக்கு இருக்கறது ஒரு மூஞ்சிதான்."

இவளோடு யார் பேசி ஜெயிப்பது?

ஜூன் 13

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

ஒரு டயர் கடை. வாசலில் தார் பெயர்ந்து ஒரு குழி. சிலுவையோடு அதில் கால் வைத்து விழுந்தேன். கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கை முழுக்கக் கரி. எழுந்து ஓடி வந்தார், ஆனால் தொடவில்லை. மேலே பார்த்துக் கத்தினார்: "உம்மு ஜவாத்! கீழ வா, ஒரு பொம்பள விழுந்துட்டா!" ஜவாத்தின் அம்மா, அதாவது அவர் மனைவி, இறங்கி வருவதற்குள் பால்கனியிலிருந்து கயிற்றுக்கூடை வந்தது. கூடையில் ஒரு தம்ளர் தண்ணீர், ஆரஞ்சுப் பூத்தண்ணீர் விட்டது, பாதி சிந்தியிருந்தது.

தன் நாற்காலியை எனக்குப் போட்டார். சிலுவையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு குனிந்து எலுமிச்சை பொறுக்கப் போய்விட்டார்.

"முனிசிபாலிட்டி இந்தக் குழிய மூடறதுக்குள்ள ஊரே உள்ள விழுந்துரும், தங்கச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை. எதிர்க் கடையில் ஹானியா குறித்துக்கொண்டாள்: உதவி, ஆம்.

ஜூன் 14

அம்மாவிடம் சொன்னேன்.

"சிலுவைய பாத்தானா?"

"பாத்தாரு."

"பாத்துட்டுமா தண்ணி குடுத்தான்? அதுல என்ன கலந்திருந்தான்?"

"பூத்தண்ணி."

இரவு விளக்கணைத்த பிறகு கேட்டாள், "அவன் பேரு என்ன?"

அபு ஜவாத்.

ஜூன் 20

மோசமான நாள். சிலுவையோடு விழுந்த தெருவில் ஒருவரும் அசையவில்லை. ஒரு கார் என் எலுமிச்சைமேல் ஏறிப் போனது. ஒருத்தி தன் குழந்தையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். அடுத்த தெருவில் முக்காட்டோடு விழுந்தேன், ஐந்து பேர் ஓடி வந்தார்கள்.

"மூஞ்சிய தொங்கப்போடாத, இல்லைங்கறதும் ஒரு விடைதான்" என்றாள் ஹானியா. எங்கள் பக்கத் தெருக்களில் விழுவதற்கு அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியை வைத்திருக்கிறாள். அவள் நேற்று முக்காட்டோடு எங்கள் ரொட்டிக் கடை வாசலில் விழுந்தாளாம். யாரும் வரவில்லையாம். கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சும்மா கேக் கொடுக்கிற ரொட்டிக்காரரும்தான்.

நான் ஏன் ஆச்சரியப்படவில்லை?

ஜூன் 27

ஹானியாவுக்குக் காய்ச்சல். இந்த இரண்டு வாரமும் நீயே விழு, நீயே குறி என்றுவிட்டாள்.

குறித்த தெருவுக்குப் போகவில்லை. கால் டயர் கடைக்குப் போனது. அதே குழி, அதே சிலுவை. மறுபடி நாற்காலி, மறுபடி கூடை.

"இந்தக் குழிக்கு உன்மேல என்ன காதலோ!" என்று உம்மு ஜவாத் சிரித்தாள்.

காகிதத்தில் வேறு தெருவின் பெயரைப் போட்டு "ஆம்" என்று எழுதினேன். ஒரு "ஆம்" கூடினால் யாருக்கு நஷ்டம்? உலகத்தில் நல்லது கொஞ்சம் கூடத் தெரியட்டுமே.

ஜூலை 3

மூன்றாவது தடவை. காகிதத்தில் மறுபடி வேறு தெரு, மறுபடி "ஆம்". அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஜூலை 6

குழியைக் காணோம். அபு ஜவாத் தானே ஜல்லியும் சிமென்டும் கொட்டி மூடிவிட்டார். மேலே ஒரு டயரை வைத்துக் காயவிட்டிருந்தார்.

"உனக்காகத்தான் மூடுனேன், தங்கச்சி."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். வெறும் தரையில் விழுந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கிண்டலே இல்லை.

"இப்ப குழிகூட இல்லியே. உடம்புல ஏதோ கோளாறு. இதோ தெருமுனையிலயே ஆஸ்பத்திரி, போய் காட்டு."

"எனக்கில்ல. எங்க அம்மாவுக்குத்தான் நெஞ்சுல கோளாறு. இந்தப் பக்கம் வரப் பயப்படறாங்க."

யோசித்தார். "கூட்டிட்டு வா. வழியில மூச்சு வாங்குச்சுன்னா நாற்காலி இருக்கு. என் கடையத் தாண்டித்தானே போகணும்?"

ஜூலை 11

அம்மா சம்மதித்துவிட்டாள்! குழியை மூடினதைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது.

"குழி மூடுனவன் கடை வழியா போறதா இருந்தா வரேன். வேற வழியா கூட்டிட்டுப் போன, தெருவுலயே உக்காந்துருவேன்."

இருபதாம் தேதி, வியாழன், டாக்டர் பார்ப்பார். "என்னைப் புதைக்கிறவளே" என்று, எனக்குப் பின்னும் நீ இருக்கணும் என்கிற எங்கள் ஊர்க் கொஞ்சலைச் சொல்லி, என் தலையில் முத்தமிட்டாள். எத்தனை நாளாயிற்று அவள் என்னைக் கொஞ்சி.

ஜூலை 16

போச்சு.

யாரோ என்னை இரண்டு தெருவில் படம் பிடித்திருக்கிறான். ஒன்றில் சிலுவை, ஒன்றில் முக்காடு. இரண்டையும் ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறான். "திங்கள் ஃபாத்திமா, வியாழன் மேரி. யாருக்கு உளவு பார்க்கிறாள்?" காலையிலிருந்து நாற்பது பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். ஹானியாவை யாரோ காரில் ஏற்றி, மணிக்கணக்காக விசாரித்து, வீட்டில் விட்டார்களாம்.

ஜூலை 18

விளக்கம் சொல்லப் போனேன். தெரு முழுக்க முஹர்ரம் கருப்புக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவன் என்னைப் பார்த்து விசிலடித்தான்.

அபு ஜவாத் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு என்ன காட்சி?"

"அண்ணே, அது ஆராய்ச்சி. நல்லதுக்குத்தான்—"

"நான் குடுத்த தண்ணிய அளந்தீங்களா? எத்தன மார்க்கு போட்டீங்க?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிலுவையும் வேஷம், முக்காடும் வேஷம். அம்மான்னு ஒருத்தி இருக்காளா, அதுவும் வேஷந்தானா?"

"இருக்காங்க. சத்தியமா. வியாழக்கிழமை வருவாங்க."

"வரட்டும். உக்காந்து வேடிக்கை பாக்கறோம்."

இனி இந்தத் தெருவில் கால் வைக்காதே என்று இரண்டு பேர் சாலைவரை கொண்டு வந்து விட்டார்கள். மேலே பார்த்தேன். கூடை பால்கனிக் கம்பியில் சுருட்டிக் கட்டியிருந்தது.

ஜூலை 20, வியாழன், காலை

போகவேண்டாம் என்று எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தேன்.

"வீடியோவுல இருந்தது நீயா நானா? நான் போறேன். நீ வந்தாத்தான் கல்லு விழும்."

"டாக்ஸியிலயாவது போம்மா."

"நாப்பது வருஷம் பயந்தது நடக்கறதுக்குத்தானே? நடந்துதான் போவேன்."

முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். நீல கவுன், சிலுவை, கைப்பை. சாலை ஓரம்வரை கூடப் போனேன். கார்களைக் கையால் நிறுத்திவிட்டு ராணி மாதிரி தாண்டினாள். ஒரு தடவை திரும்பி, நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

இப்போது சாலை ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 23

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

அம்மா டயர் கடைக்கு முன்னால் விழுந்தாள். குழி மூடிய அந்த இடத்திலேயே. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கைப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

உம்மு ஜவாத்தான் அம்மாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க மகளே. ‘கிழவி அருமையா விழுந்தா’ன்னு ஒருத்தன் கை தட்டுனான். நோட்டு வச்சிருக்கறவ எங்கன்னு தேடுனாங்க. நானும் மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஈ வந்து அவங்க வாயில உக்காந்துச்சு. ஓட்டல. அப்பத்தான் ஓடி வந்தேன்."

நடிகை ஈயை ஓட்டியிருப்பாள். நான் ஓட்டியிருப்பேன்.

தெருமுனையில் ஆஸ்பத்திரி! ஐம்பது அடி இருக்குமா? "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்றார் டாக்டர். நல்ல டாக்டர்தான். கேள்விப்பட்டது உண்மை.

வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஐயோ ஜோஸ்லின், என்னடி பண்ணித் தொலைச்ச நீ? யாருடி உன்ன அங்க போய் மறுபடி விழச் சொன்னது?

ஜூலை 29

அம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று.

ஆகஸ்ட் 4

அபு ஜவாத் வந்தார். சாலையைத் தாண்டி, எங்கள் பக்கம். கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தினதிலிருந்து ஆளாளுக்கு விசாரணை: யார், எந்த ஊர், யாரைப் பார்க்க. பால்கனியிலிருந்து நான் கத்தின பிறகுதான் விட்டார்கள்.

கையில் ஒரு பாட்டில் பூத்தண்ணீர். அம்மாவின் கட்டிலருகே நின்றார். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

"நாலு தடவ எழுந்து வந்தேன், தங்கச்சி. அஞ்சாவது தடவ எழுந்திருக்கல."

இதைக் கேட்டபின் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. சொன்னேன். "ஒரு தடவதான் விழணும்னு சட்டம். மத்த மூணும் நானா விழுந்தது."

"ஏன்?"

"நீங்க எழுந்து வருவீங்கன்னு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். அம்மா இடது கையை லேசாகத் தூக்கினாள். போ என்றாளா, வா என்றாளா, இருவருக்கும் புரியவில்லை. அவர் போய்விட்டார்.

கீழே அவருடைய மோட்டார் சைக்கிளின் இரண்டு டயரையும் கிழித்திருந்தார்கள். வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லையாம். டயர்க்காரர் குனிந்து கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். ரொட்டிக்காரர் அவருக்கு வழி விட்டுக் கதவைச் சாத்தினார். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போயிருக்கலாம். அம்மாவைத் தனியே விடமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். சர்ச்சுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 5

மாநாட்டுக்கு வெளிநாடு போயிருக்கிற ஹானியா கூப்பிட்டாள். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். நினைத்ததைவிட அதிகம் பேர் அடுத்த கூட்டத்தாருக்கு உதவுகிறார்கள் என்று வந்திருக்கிறதாம். மண்டபத்தில் கை தட்டினார்களாம்.

"அதுல மூணு ‘ஆம்’ பொய், ஹானியா. ஒரே ஆளு."

மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள், "மூணுதானே. மொத்தத்துல பெருசா எதுவும் மாறாது."

அம்மாவைப் பற்றி அதில் எழுதியிருக்கிறாயா என்று கேட்டேன். ஆராய்ச்சி ஜூலை பத்தோடு முடிந்துவிட்டது என்றாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ரொட்டிக் கடை வாசலில் இன்று ஒருத்தி விழுந்தாள். முக்காடு போட்டவள், என் வயதிருக்கும். பை கிழிந்து தக்காளி சிதறியது, ஒன்று உருண்டு வந்து என் செருப்படியில் நசுங்கியது.

நான் செய்த முதல் காரியம், எதிரே காபிக் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தது. யாருமில்லை. அப்புறம் அவள் விழுந்த விதத்தைப் பார்த்தேன். இடது கையை முன்னால் ஊன்றியிருந்தாள். நானும் அப்படித்தான் ஊன்றுவேன். ஹானியாவுக்காக விழுந்த அந்தப் பக்கத்துப் பெண் இவள்தானோ? ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே. இல்லை, வேறு யாராவது புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களோ? இப்படியே யோசித்துக்கொண்டு நின்றேன். ரொட்டிக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவை தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துத் தானே எழுந்தாள். முழங்காலில் ரத்தம். நொண்டிக்கொண்டே சாலைப் பக்கம் போனாள்.

ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாலில் ஊறவைத்து அம்மாவுக்கு ஊட்டினேன். அவள் கண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன், செருப்பு ஓரத்தில் தக்காளி விதை ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, கடை வாசல் ஒரே சகதி" என்றேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை.