சொன்னது, கணித்தது, எண்ணியது

ஜெர்மனி
3 ஜூன் 2025

அன்பு மதினிக்கு,

அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். நம் திராட்சை ஆராய்ச்சி கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது! எழுபது திட்டங்களில் ஆறைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆறில் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கு. பட்டியலைப் பார்த்ததும் நூலகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வருஷமாக நீங்கள் ஸ்கூட்டியில் சுருளிப்பட்டிக்கும் ஆனைமலையன்பட்டிக்கும் அலைந்து, இருபத்துநான்கு தோட்டங்களில் பந்தலுக்குள் குனிந்து எடுத்த எண்கள்தான் இதற்குக் காரணம். கொடியைக் கவாத்து வெட்டியது என்றைக்கு, மழை என்றைக்கு, ஒரு வரிசையில் எத்தனை குலை பிடித்தது, கடைசியில் எத்தனை பெட்டி அறுத்தார்கள் என்று இவ்வளவு நெருக்கமான தரவைத் தான் பார்த்ததே இல்லை என்கிறார் என் பேராசிரியை.

இன்னும் ஒரே ஒரு படி. ஜூன் முப்பதுக்குள் தரவுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்த்த விவரத்தை எங்கே வைப்போம், எப்படிக் காப்போம், யாருக்குக் காட்டுவோம், யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இது தேறினால் இன்னும் ஐந்து வருஷம் வேலை நடக்கும், உங்களுக்கு முறையான நியமனமும் உண்டு. இது சொதப்பினால் எல்லாமே போச்சு.

ஒரு நிபந்தனை. எதை எப்போது முடிவு செய்தோம் என்பதற்குத் தேதியோடு ஆதாரம் வேண்டுமாம். அதனால் தரவு பற்றிப் போனில் பேசக் கூடாது. கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். முதல் கேள்வி: எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

குதித்துக்கொண்டிருக்கும் உங்கள் நாத்தனார்,
பவானி


மார்க்கையன்கோட்டை
6.6.2025

அன்புள்ள பவானிக்கு,

அடுப்பை அணைக்காமல்தான் படித்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. உன் அண்ணனிடம், "பவானிக்கு டேட்டா பத்தி எழுதுறேன்" என்றேன். "ஏன், ரீசார்ஜ் முடிஞ்சிருச்சா?" என்றார். உங்கள் குடும்பத்தில் மூளை முழுவதும் உனக்கே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேட்டதற்குப் பதில். லேப்டாப்பில் ஒரு பிரதி. பென் டிரைவில் ஒன்று, பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில். போன ஐப்பசி மழையில் இந்த வீடு ஒழுகியபோது வந்த பயத்தில், அல்லிநகரத்தில் என் தங்கை வீட்டில் இன்னொரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் புதுசு மாற்றிவிட்டு வருவேன். அவள் என்னைப் பார்க்க வருவதாக நினைத்துக் கேசரி கிண்டுகிறாள், நானும் மறுப்பதில்லை.

கோப்புகளின் பெயரைக் கேட்காதே. 'ஸ்கூட்டி பஞ்சர் ஆன அன்று', 'பவுனு அக்கா மோர் கொடுத்த நாள்' என்றெல்லாம் இருந்தது. நேற்று முழுவதும் உட்கார்ந்து, தோட்ட எண், தேதி என்று மாற்றிவிட்டேன். நூற்று அறுபத்தெட்டுக் கோப்புகள். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பவானி, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் தாவரவியல் படித்தது கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு மட்டும்தான் என்று பத்து வருஷம் நினைத்திருந்தேன். இந்த மூன்று வருஷமாகத்தான் எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அது போகக் கூடாது.

அன்புடன்,
உமாதேவி


ஜெர்மனி
10 ஜூன் 2025

அன்பு மதினிக்கு,

அல்லிநகரம் பென் டிரைவைப் பற்றிப் பேராசிரியையிடம் சொன்னேன். "மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். எங்கள் துறையில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை" என்றார். கேசரியைப் பற்றியும் சொன்னேன். அதைத் திட்டத்தில் சேர்க்க முடியாதாம்.

இன்னும் கேளுங்கள். குலை எண்ணிக்கையை வைத்து அறுவடையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். எந்தத் தோட்டத்திலும் வித்தியாசம் பத்துப் பெட்டிக்குள் அடங்குகிறது! விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அதைத்தான் போட்டிருக்கிறோம்.

படிவத்தை முக்கால்வாசி நிரப்பிவிட்டேன். பொறுப்பாளர் நான். நீங்கள் 'உள்ளூர் உதவியாளர்'. பகிர்வது என்ற இடத்தில், எல்லாத் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று குறித்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்விதான் மீதி: 'ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பெறப்பட்டது? நேரில் பார்த்திராத ஒருவருக்கும் புரியும்படி எழுதுக.' நாலு வரி போதும் மதினி. உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

பவானி


மார்க்கையன்கோட்டை
14.6.2025

அன்புள்ள பவானிக்கு,

நாலு வரி எழுத நாலு நாள் ஆகிவிட்டது. நாலு தாளைக் கிழித்தும் போட்டேன்.

முதல் காய்ப்பின்போது அய்யாத்துரை மாமா தோட்டத்தில் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினேன். "ஏ ஆத்தா, பிஞ்சைச் சுட்டாத, எண்ணாத. கண்ணு பட்டு நின்னுபோகும். நான் சொல்றதை எழுதிக்க, நீ பாத்ததை மனசுல வச்சுக்க" என்றார். எந்தத் தோட்டத்திலும் இதே கதைதான். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் வாய் அசையாமல் நானே எண்ணி, அந்த எண்ணை உனக்கு அனுப்பினேன்.

ஒரு வருஷத்தில், இரண்டு காய்ப்புக்குள், ஒவ்வொருவர் வழக்கமும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அய்யாத்துரை மாமா பாதிதான் சொல்வார். ராக்கையா அண்ணன் நூறு குலையைச் சாமிக்கு என்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வார். பவுனு அக்கா சரியாகச் சொல்லும், ஆனால் செவ்வாய், வெள்ளியில் வாயே திறக்காது.

அதனால் மூன்றாம் காய்ப்பிலிருந்து நான் எண்ணவில்லை பவானி. அவர்கள் சொன்னதை வைத்து, அவரவர் வழக்கப்படி கூட்டியோ பெருக்கியோ எக்செல்லில் போட்டேன். அறுவடையோடு பொருந்தியதால் தப்பென்று தோன்றவில்லை. உன் கேள்வியைப் படித்த பிறகுதான் இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று புரிந்தது.

உமாதேவி


ஜெர்மனி
15 ஜூன் 2025

மதினி,

உங்களுக்குப் புரிகிறதா? முதல் பக்கத்தில் நாம் பீற்றிக்கொண்ட எண்கள் எண்ணியவை அல்ல, நீங்கள் ஊகித்தவை. இதற்கு இங்கே பெயர் பொய்த் தரவு. தெரியாமல் செய்தது என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். இத்தனை வருஷமாகப் போனில் சிரித்துப் பேசினோமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பதினைந்து நாள் இருக்கிறது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பவானி


மார்க்கையன்கோட்டை
20.6.2025

பவானிக்கு,

'பொய்' என்ற சொல்லைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. உன் அண்ணன் பயந்துபோய் அவரே சட்னி அரைத்தார். உன்மேல் கோபம்தான். ஆனால் நீ கேட்டது நியாயம். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன்.

நான் கணித்ததைத்தான் எக்செல்லில் போட்டேனே தவிர, அவர்கள் வாயால் சொன்னதை ஒருநாளும் விட்டதில்லை. ஆறு டைரிகளில் தேதியோடு, அவர்கள் சொன்ன சொல்லோடு இருக்கிறது. நானே எண்ணியதைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நான்காம் காய்ப்பு மட்டும் டைரியில் இல்லை. அதைப் போனில் பதிவு செய்திருந்தேன். அந்தப் போன் ராக்கையா அண்ணன் கிணற்றில் கிடக்கிறது. அதை அடியோடு எடுத்துவிடு. மற்றதற்கு எக்செல்லில் மூன்று பத்தி போடலாம்: சொன்னது, உமா கணித்தது, உமா எண்ணியது. எண்ணாத இடம் காலியாக இருக்கட்டும்.

பிறகு இருபத்துநான்கு தோட்டத்துக்கும் நேரில் போனேன். நீங்கள் சொன்னதை நான் மாற்றி எழுதினேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புக்கொண்டேன். அய்யாத்துரை மாமா, "தெரியும் ஆத்தா. நீ கொடிக்குக் கொடி நின்னு நின்னு போனதை நான் வரப்புல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் பவுனு அக்கா ஒரு கேள்வி கேட்டது. "ஆரு எம்புட்டு மறைப்பாகன்னு நீ எழுதி வச்சிருக்கியே, அதை ஆரெல்லாம் பாப்பாக? காய்ப்பு ஜாஸ்தின்னு தெரிஞ்சா யாவாரிக வெலைய இறக்கிருவாக. உன்னைய நம்பிச் சொன்னோம், ஊரை நம்பிச் சொல்லல." நீ எல்லோருக்கும் திறந்துவிடுவதாகக் குறித்திருக்கிறாயே. யார் எவ்வளவு குறைத்துச் சொல்வார் என்ற அந்த வழக்கப் பட்டியலைத் திறந்தால் நான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மூன்று பேர் தங்கள் எண்கள் எதுவுமே வேண்டாம் என்றார்கள், அவற்றை எடுத்துவிட்டேன். இருபத்தொரு பேர் சம்மதம், எனக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

இதற்கு மேலும் இது பொய் என்றால், டைரிகளைப் பார்சல் போடுகிறேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

உமாதேவி


ஜெர்மனி
27 ஜூன் 2025

என் மதினிக்கு,

பார்சல் போட்டீர்கள் என்றால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன்! அந்த வார்த்தைக்காக என்னை மன்னியுங்கள். பயத்தில் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதங்கள் இரண்டையும் பேராசிரியைக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படித்தேன். முதல் காரியமாக, 'பத்துப் பெட்டிக்குள்' என்ற வரியைச் சிவப்புக் கோடு போட்டு அடித்தார். பிறகு கேட்டார்: "இந்த எண்களில் ஒரு சந்தேகம் வந்தால் நீ யாரிடம் கேட்பாய்?"

"மதினியிடம்."

"அப்படியென்றால் பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் எதற்கு?"

அப்புறம் மூன்று நாள் நாங்கள் தூங்கவில்லை என்றே சொல்லலாம், அவ்வளவு உற்சாகம். முதல் பக்கத்தை மாற்றி எழுதினோம். கண்ணேறுக்குப் பயந்து குறைத்துச் சொல்லும் ஊரில் எப்படி எண்ணுவது என்பதே இப்போது ஆராய்ச்சியின் ஒரு பகுதி. மூன்று பத்திகளும் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆனால் தோட்டக்காரர் பெயர் இல்லை, ஊரும் இல்லை, தோட்டத்துக்கு ஒரு குறியீடு மட்டும். வழக்கப் பட்டியலும், எந்தக் குறியீடு யாருடையது என்பதும் பூட்டில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், காரணம் எழுதிப் பொறுப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டக்காரர் சம்மதித்தால்தான் கிடைக்கும்.

பொறுப்பாளர்: வி. உமாதேவி, மார்க்கையன்கோட்டை. இன்று காலை அனுப்பிவிட்டேன். பொத்தானை அழுத்தும் முன் உங்கள் பெயரை இரண்டு தடவை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன் மதினி.

பவானி


ஜெர்மனி
3 நவம்பர் 2025

தரவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நம் திட்டம் தேர்வாகி இரண்டு மாதம் ஆகியும் எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. நியமனக் கடிதத்தை அண்ணன் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரைக் கிண்டல் செய்யாதீர்கள், பாவம்.

இது முறையான விண்ணப்பம். என் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் இயலுக்கு வழக்கப் பட்டியல் முழுவதும் தேவைப்படுகிறது. ஜனவரியில் சமர்ப்பிக்க வேண்டும். பெயர்களை வெளியிட மாட்டேன். நம் வீட்டுத் தோட்டங்கள் மாதிரிதானே, சீக்கிரம் அனுப்பிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

பவானி


மார்க்கையன்கோட்டை
11.11.2025

அன்புள்ள பவானிக்கு,

உன் விண்ணப்பம் கிடைத்தது. எனக்கு வந்த முதல் விண்ணப்பத்துக்கே இப்படிப் பதில் எழுத வேண்டியிருக்கிறதே என்று கையைப் பிசைந்தேன். ஆனாலும் பட்டியலை முழுவதுமாகத் தர முடியாது.

இருபத்தொரு பேரிடமும் கேட்டேன். பதினேழு பேர் சரி என்றார்கள், அவர்களுடையது இத்துடன் இருக்கிறது. நாலு பேர் சம்மதிக்கவில்லை. அதில் அய்யாத்துரை மாமாவும் ஒருவர். "நம்ம பவானிதானே மாமா" என்று சொல்லிப் பார்த்தேன். "நம்ம பிள்ளைதான். இன்னைக்கு அதுக்குத் தொறந்தா நாளைக்கு ஆருக்குத் தொறப்ப?" என்றார். உன் இயல் சின்னதாகிவிடும் என்று தெரியும். என்னைத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். விதியை எழுதியது நீதான்.

நேற்று அய்யாத்துரை மாமா தோட்டத்தில் எண்ணிக்கை நாள். நீ கேட்டும் அவருடையதை உனக்குத் தரப்போவதில்லை என்று சொன்னேன். பம்ப்செட்டை நிறுத்திவிட்டு வந்து, வழக்கம்போல எட்ட நிற்காமல், பந்தலுக்குள் என் பக்கத்தில் குனிந்து நின்றார். "நாலாவது வரிசை, ஆயிரத்து முன்னூத்தி எண்பது" என்றார்.

அவர் போன பிறகு எண்ணினேன். ஆயிரத்து முன்னூற்று எழுபத்திரண்டு. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன், அதேதான். எட்டுக் குலை என் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

மூன்று வருஷத்தில் அவர் நிஜத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவை பவானி. பழைய மாதிரி வழக்கத்தை நம்பி இரட்டிப்பாக்கியிருந்தால் இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது என்று போட்டிருப்பேன். 'கணித்தது' என்ற பத்தியில் அந்தத் தப்பான எண்ணையும் அடிக்காமல் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வி. உமாதேவி
தரவுப் பொறுப்பாளர்