பெயர் கேட்டு வந்தவன்

ரெய்க்யவிக், 3 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணா,

நீ அனுப்பிய காய்ந்த மீன் வந்தது. ஆறு மாத வயிற்றோடு வெண்ணெய் தடவித் தின்றுகொண்டே இருக்கிறேன்.

மதியம் கண்ணயர்ந்தால் ஒரு பையன் வருகிறான். உடையெல்லாம் நீர் சொட்டச் சொட்டக் கட்டிலருகே நிற்கிறான். “என் பேரு கடோக். பிள்ளைக்கு வை” என்கிறான். செத்தவர்கள் கர்ப்பிணியின் கனவில் வந்து பெயர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பாளே அம்மா. உன் மச்சான் ஹ்ரோல்ஃபுர் சிரிக்கிறார். “அடியே, இந்தப் பேரை அரசாங்கம் விடுமா?” என்கிறார். அண்ணா, யார் அவன்?

உன் தங்கை,
ஸ்வான்லாக்

பூதிர், 15 ஏப்ரல்

ஸ்வானா,

அந்தக் காலத்தில் இங்கே கடலில் மாண்ட பிரெஞ்சு மாலுமிகளின் கல்லறைத் தோட்டத்தில் தேடினேன். சாய்ந்த சிலுவை ஒன்றில் அந்தப் பெயர் இருக்கிறது. வயது பத்தொன்பதாம். நீ அங்கே போனதே இல்லையே! பிள்ளைப் பெயர்களுக்கு அனுமதி தரும் அந்த அரசாங்கப் பெயர்க் குழுவுக்கு உடனே எழுது. அவர்களுக்கு இலக்கணம் தெரியும், கடல் தெரியாது. சண்டை போடு.

எய்விந்துர்

ரெய்க்யவிக், 20 மே

அன்புள்ள அண்ணா,

மறுத்துவிட்டார்கள். சிலுவையில் உள்ளபடி முதல் எழுத்து ‘C’, அது நம் எழுத்து வரிசையில் இல்லையாம். நம் வேற்றுமை உருபும் ஏறாதாம். “நம்ம எழுத்துல எழுதிக் குடுத்துட்டாப் போச்சு” என்றார் இவர். அன்று மதியமே அவன் வந்து, “அது நான் இல்ல” என்றான். இப்போது கட்டிலில் உட்காருகிறான், அண்ணா. எழுந்து பார்த்தால் போர்வை நனைந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஸ்வான்லாக்

பூதிர், 2 ஜூன்

அட பயந்தாங்கொள்ளி,

இனி வரமாட்டான். சிலுவை முன்னால் நின்று, “தம்பி, அவளை விட்டுடு. எங்கூட வந்துடு” என்றேன். என் படகுக்கு அவன் பெயரையே வைத்து எழுதிவிட்டேன், அவன் எழுத்திலேயே. எந்தக் குழு என்னைக் கேட்கும்? நாளை மீன் பிடிக்கப் போகிறேன். நன்றாகத் தூங்கு.

எய்விந்துர்

ரெய்க்யவிக், 14 ஜூன்

என் அண்ணா,

தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. நீ சொன்னது போலவே அவன் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன், இன்று மதியம் வரை.

இன்று நீ வந்தாய். தலைமுடியிலிருந்து நீர் வழிய, அவன் நின்ற இடத்திலேயே நின்றாய். “ஸ்வானா, பேரு…” என்று தொடங்கினாய். காதைப் பொத்திக்கொண்டு அலறி எழுந்துவிட்டேன்.

உன் பெயருக்கு அரசாங்கத்தில் ஒரு தடையும் இல்லை, அண்ணா. நான்தான் கொடுக்க மாட்டேன். அது உன்னுடையது, நீயே வைத்துக்கொள். எத்தனை முறை வந்து கேட்டாலும் தரமாட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
ஸ்வானா