உள்ளே விட்ட துணி

பிப்ரவரி 6

அன்புள்ள மாஸ்டருக்கு,

சௌக்கியமா என்று கேட்டால், "அதைக் கேக்க இப்பதான் தோணுச்சா?" என்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன். முதுகுவலி எப்படி? யூனிபார்ம் ஃபாக்டரியில் நாள் முழுக்க நின்றபடிதான் துணி வெட்ட வேண்டுமாமே.

எனக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தும்மியதில் விலா எலும்பு விரிசல் விட்டது. சிரிக்காதீர்கள். "தும்மினா எலும்பு உடையுற வயசா உங்களுக்கு?" என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துவரச் சொன்னார். கார்டிசால் என்று உடம்பில் ஒரு சுரப்பு. பயம், அவசரம் என்றால் கூடுதலாகச் சுரக்குமாம். எனக்கு ஓயாமல் சுரக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பியில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கட்டி, அதுதான் ஏவிவிடுகிறது. குஷிங் நோய் என்று பெயர். உருண்ட முகம், பிடரியில் திமில், வயிற்றில் ஊதாக் கோடுகள், தூக்கம் வராதது, கண்மண் தெரியாத கோபம், எல்லாம் அதன் வேலைதான். நான் வேலை செய்கிற பேக்கரியில் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை, மாஸ்டர்.

"துணியெல்லாம் எப்பலேர்ந்து இறுக்க ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "இறுக்கவே இல்லையே டாக்டர்" என்றேன். நம்பாமல் பார்த்தார்.

மார்ச்சில் மூக்கு வழியாக ஆபரேஷன். அக்கா வருவாள்தான். எனக்கு என் புருஷன் வேண்டும். வாருங்கள்.

உங்கள்
குருவி

பிப்ரவரி 15

குருவிக்கு,

வியாதியிலும் பார், யாருக்கும் இல்லாத ஒன்றாகத் தேடிப் பிடித்திருக்கிறாய். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிக்கூடங்களுக்குத் துணி போக வேண்டிய நேரம் இது. லீவு என்று வாயெடுத்தாலே மேனேஜர் முறைக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. "நீயெல்லாம் ஒரு மனுஷனா? போய்த் தொலை!" என்று கத்தரிக்கோலை வீசினாயே, அதுவும் அந்தக் கட்டிதானா? அப்படியானால் நான் யாரோடு கோபித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன்? இத்தனை மாதம் தனியாகப் பொங்கித் தின்றதெல்லாம் எதற்கு?

ஆபரேஷன் முடிந்தால் பழைய குருவி வந்துவிடுவாளா? டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்
மாஸ்டர்

மார்ச் 2

அன்புள்ள மாஸ்டருக்கு,

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நர்ஸ் எனக்கு அங்கியை மாட்டிவிட்டு என் நீலச் சட்டையை மடித்தாள். "என்னக்கா இது, இத்தன தடவ பிரிச்சுத் தச்சிருக்கு?" என்றாள். வாங்கி உள்பக்கம் பார்த்தேன். பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக ஓரத்தை நோக்கிப் போயிருந்தன. அக்காவிடம் வீட்டிலிருந்து மற்றவற்றையும் எடுத்துவரச் சொன்னேன். எல்லாம் அப்படியே. இடுப்பைப் பெரிதாக்கி, கையை மட்டும் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். என் வயிறு பெருத்ததும் கை சூம்பியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் பேக்கரிக்குக் கிளம்பிய பிறகு உட்கார்ந்து செய்தீர்களா?

டாக்டரம்மாவிடம் காட்டினேன். "துணி இறுக்கி, அப்பவே நீங்க வந்திருந்தா எலும்பு இவ்வளவு தேஞ்சிருக்காதும்மா" என்றார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. இப்படிப்பட்ட மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது? எப்படிக் கோபப்படாமல் இருப்பது?

நீங்கள் கேட்டதைக் கேட்டேன். முகம் வற்றும், எலும்பு ஓரளவு தேறும், மனசு ஆளுக்கு ஆள் மாறும் என்றார். பதினாறாம் தேதி ஆபரேஷன். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

உங்கள்
குருவி

மார்ச் 10

குருவிக்கு,

நீ கண்ணாடி முன்னால் நின்று அழுவாய். சட்டையாவது உன்னைக் குத்திக்காட்டாமல் இருக்கட்டும் என்று பிரித்துவிட்டேன். வியாதி என்று கண்டேனா? கையைச் சின்னதாக்கியபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அதை நினைத்தால் இப்போது சாப்பாடு இறங்கவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன். லீவு கேட்டால் கிடைக்கும். எனக்குத்தான் தைரியம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சுதான் காதில் விழும். நீ பழையபடி ஆனதும் ஓடி வந்துவிடுகிறேன்.

இதோடு ஒரு பச்சைச் சட்டை அனுப்பியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் எடுத்த அளவு, இன்னும் மனப்பாடம். வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்.

உன்
மாஸ்டர்

ஏப்ரல் 20

மாஸ்டருக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா நின்றாள். கதவு மூடும்வரை தலையைத் திருப்பி வராந்தாவைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

கட்டி போய்விட்டது. என் உடம்பு தானாகச் சுரக்க மறந்துவிட்டதாம். அதனால் அதே கார்டிசாலை மாத்திரையாக விழுங்குகிறேன். "வேணாம்னு வெட்டி எறிஞ்சுட்டு, அதையே கடையில வாங்குறோம் பாரு" என்று அக்கா சிரித்தாள். பல் துலக்கினாலே மூச்சு வாங்குகிறது. முகம் மெதுவாக வற்றுகிறது. முன்னைப்போலக் கோபம் வருவதில்லை. ஆகவே இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழி போட இப்போது கட்டியும் இல்லை.

சட்டை அழகாக இருக்கிறது. தோளைத் தாண்டி இறங்கவில்லை. பரவாயில்லை, பிரித்துக்கொள்ளலாம் என்று உள்பக்கம் திருப்பினேன். ஒரு விரல் அகலத்துக்குக்கூடத் துணி விடவில்லை. ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் எனக்குத் தைக்கும்போது, "கெடக்கட்டும், பின்னால வேணும்" என்று தாராளமாக விடுவீர்களே.

அந்தப் பழைய குருவி வந்தால் போட்டுக்கொள்வாள். எனக்கு ஆகாது. திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
நான்