ஒன்றன்பால்

கொழும்பு
1998 ஆடி

மகள் யோகமலருக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். உன் கட்டுரை என் மேசைக்கு வந்திராவிட்டால் இன்னும் அப்படியே இருந்திருப்பேன்.

எழுத்தை அடையாளம் கண்டிருப்பாய். உன் உறுப்பெழுத்துக் கொப்பியில் சிவப்பு மையால் திருத்திய கைதான் இது. நான் சாகவில்லை. முதலில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள். பிறகு வாசி.

இங்கே ஓர் அச்சகத்தில், வேறொரு பெயரில், பிழை திருத்துகிறேன். ஒரு பெண்கள் சஞ்சிகைக்கு வந்த கட்டுரைகளோடு உன்னுடையதும் வந்தது. “காணாமற்போனோரின் மனைவியர்: ஒரு பால்நிலை நோக்கு.” உன் பெயரை வாசிக்கும் முன்னர் அதற்கு முன்னால் நின்ற முதலெழுத்தைக் கண்டேன். அது என் பெயரின் எழுத்து. நீ பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனதும் அங்கே பெண்கள் கற்கை படிப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஒரு தகப்பன் அறியவேண்டிய விதமா இது?

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, குடி தாய்வழி, ஆண் என்பவன் மனைவி வீட்டுக்கு வந்து இருப்பவன். ஆகையால் அவன் காணாமற்போனாலும் அவளுக்குக் கூரை போவதில்லை என்கிறாய். உண்மை. ஒரு காற்புள்ளிகூட நான் மாற்றவில்லை. ஆனால் அந்த வந்து இருப்பவனை உன் விரிவுரையாளர்கள் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பனிச்சங்கேணியிலிருந்து நாவற்குடாவுக்கு வந்து பதினைந்து வருடம் அந்த வீட்டில் இருந்தேன். கிணறு நான் கட்டியது. அதில் குளித்தபடி நான் ஒரு செய்யுள் சொன்னால் உன் சித்தி புஸ்பம் வேலிக்கப்பால் கேட்கும்படி சொல்வாள்: “எங்கட கிணத்தில பனிச்சங்கேணித் தவளை ஒண்டு கத்துது கா. மழை வரப்போகுது.” உன் அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் என்னைக் கொண்டுபோனதை நீ அறிவாய். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் எங்களை ஒவ்வொருவராக நடத்தினார்கள். அவன் தலையாட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறு பக்கம். எனக்கு ஆட்டினான். சாக்கின் ஓட்டைக்குள் இருந்தது முன்வீட்டு அருமைநாயகத்தின் கண். அந்த இடது கண்ணின் வெள்ளை விழுந்த புள்ளியை நான் எத்தனை வருடம் வேலியில் பார்த்தவன்!

முகாமில் என் தாடையை உடைத்தார்கள். பற்கள் போயின. பிறகு ஒரு நாள் எங்களை வாவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். என்னோடு விழுந்தவர்கள் எழும்பவில்லை. நான் எழும்பினேன். அதைப்பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

வாவியோரத்துக் கண்ணாமரச் சதுப்புக்குள்ளால், இடுப்பளவு தண்ணீரில், எங்கள் வளவின் பின்பக்கத்துக்கு வந்தபோது உச்சி வெயில். சேறு காய்ந்து உடம்பு சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தேன், தரையில் நிழல் இல்லை. நேர் உச்சியில் எவனுக்கும் நிழல் காலுக்குள் ஒடுங்கிவிடும் என்று படித்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குப் பயம் பிடித்தது.

உன் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புஸ்பம். வேலியில் கையூன்றி, வெற்றிலை மென்றபடி, அருமைநாயகம். எனக்காக முகாமில் கதைத்துப் பார்ப்பதாக அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். உன் அம்மா, என் அன்னப்பூரணி, நிமிர்ந்தாள். என்னை முழுதாகப் பார்த்தாள். நான் அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

“புஸ்பம், கிறுகி நில்லு கா!” என்றாள். “அது வந்திருக்கு.” புஸ்பம் சட்டென எனக்கு முதுகைத் திருப்பினாள்.

அருமைநாயகம் என் பக்கம் திரும்ப எத்தனித்தான். உன் அம்மா முந்திக்கொண்டாள்:

“அண்ணே, பார்க்காதீங்க! பார்த்தா உங்களோடயே வந்திரும். அது பசியில வந்திருக்கு. சோத்த வெச்சா மறுகா போயிரும்.”

என்னைத் தலையாட்டிக் கொடுத்தவன் எனக்கு முதுகு காட்டி நின்றான். உன் அம்மா ஓர் இலையில் சோறும் மீனும் வைத்து, தலை குனிந்தபடி கண்ணாமரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கிறுகிப் போனாள். ஒரு பார்வை இல்லை.

நான் தமிழ் படிப்பித்தவன். நீ பால்நிலை படிக்கிறாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் நடப்பதெல்லாம் உன் கட்டுரையில் இருக்கிறது. இலக்கணத்தில் ஒன்றன்பால் என்று ஒன்று உண்டு. கல், மரம், நாய், பிணம். அந்த உச்சிப்பொழுதில் உன் அம்மாவின் வாயில் ‘அது’ என்ற ஒரே ஒரு சொல்லால் நான் அந்தப் பாலுக்குப் போனேன். இன்றுவரை திரும்பவில்லை.

சில நாட்கள் கண்ணாவுக்குள் கிடந்தேன். ஒவ்வொரு நடுப்பகலிலும் இலை வந்தது. முதல் நாள் மீனை என்னால் தின்ன முடியவில்லை, இலையிலேயே விட்டேன். அடுத்த நாள் சோறு குழைந்திருந்தது, மீனில் முள் இல்லை. பேய்க்கு ஏதோ மிச்சத்தைப் பிசைந்து வைக்கிறாள் என்றே நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடுதான் ஒரு லொறியில் ஏறிப் போனேன். அதற்குப் பிறகு அந்த வளவில் நான் கால் வைக்கவில்லை. இந்த வசனத்தை இன்னொரு தரம் வாசி.

இப்போது உன் ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன்.

கணவனை இழந்த ஒரு பெண் இன்றும் நடுப்பகலில் குழைந்த சோறும் முள் எடுத்த மீனும் வாவிக்கரையில் வைக்கிறாள், அதேவேளை பொட்டும் வைக்கிறாள், இது ஒரு முரண்பாடு என்று எழுதியிருக்கிறாய். உன் ஆசிரியர்களுக்கு அது முரண்பாடாகவே இருக்கட்டும். எட்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கோபத்தோடு நான் அந்த வரியில் நின்றுபோனேன். பேய்க்கு யாராவது முள் எடுப்பார்களா, மகள்? ஊரில் எவரும் பேயை நேரே பார்க்கமாட்டார்கள். அருமைநாயகம் திரும்பாமல் இருக்க அவளுக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். இதை அவள் ஒரு நாளாவது எனக்கு ஒரு சைகையால் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது.

ஆனால் அடுத்த வரிதான் என்னை இதை எழுத வைத்தது. இலை ஒவ்வொரு நாளும் வெறுமையாகிறது, காகம் இறங்குவதில்லை, நாய் கிட்டப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். யார் சாப்பிடுவது என்று நீ கேட்டதற்கு அம்மா சொன்னதை அவள் பேச்சிலேயே போட்டிருக்கிறாய்:

“நான் பார்க்கிறல்ல மனே. கிறுகித்தான் நிப்பன். பார்த்தா, அது அவரில்லண்டு தெரிஞ்சிருமே.”

அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். அப்படியென்றால் என் இலையில் உட்காருவது யார்? என்னைப்போல் ஓடி ஒளிந்த வேறொருவனா? என்னோடு விழுந்து, எனக்குப் பின்னால் எழும்பியவனா? அல்லது அவள் ‘அது’ என்று கூப்பிட்டதற்கு உண்மையிலேயே ஏதோ ஒன்று வந்து, நான் எழுந்துபோன இடத்தில் குந்திக்கொண்டதா? படித்தவன் இப்படி எழுதலாமா என்று கேட்பாய். அந்த இலைக்கு முன்னால் நீ ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் கேட்கமாட்டாய்.

எதுவாக இருந்தாலும், நீ அம்மாவின் பெயரை மாற்றினாய், ஊரை மாற்றவில்லை. நாவற்குடா, கோயிலுக்குப் பின்வளவு, கண்ணாமரம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அருமைநாயகம் இன்னும் முன்வீட்டில்தான் இருக்கிறான் என்று உன் அடிக்குறிப்பே சொல்கிறது. “அயலவர் ஒருவரின் துணை” என்று அவனுக்கு நன்றியும் எழுதியிருக்கிறாய்! முள் எடுத்த மீன் என்று அச்சில் வந்தால் அவனும் கணக்குப் பார்ப்பான். அடுத்த நடுப்பகலில் முதுகு காட்டி நிற்கமாட்டான், மறுபடியும் முகாமில் தலையாட்டுவான். இலைக்கு வருபவன் மனிதனாக இருந்தால் அவன் போய்விடுவான், அவனுக்குச் சோறு வைத்தவளும் போய்விடுவாள்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. நான் எடுக்கலாம், என் கையில்தான் சிவப்பு மை இருக்கிறது. ஆனால் அது உன் எழுத்து. வியாழக்கிழமைவரை தாளை மேசையில் வைத்திருப்பேன். சஞ்சிகை ஆசிரியருக்கு ஒரு தந்தி அடித்தால் போதும்.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே. எரித்துவிடு. வீட்டுக்குப் போகும்போது, அவள் மீன் வெட்டும் நேரம் பார்த்து, சாதாரணமாகச் சொல்: “இனி முள்ளு எடுக்கத் தேவையில்லையாம், பல்லுக் கட்டியாச்சாம்.” வேறு எதுவும் சொல்லாதே. அவள் முகத்தைப் பார். அன்றைக்கு நடுப்பகலில் அவள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்று பார். அவள் வாவிப்பக்கம் திரும்பினால், நீ பார்க்காதே. கிறுகி நில்.

ஆடி அமாவாசை வருகிறது. மாமாங்கத் தீர்த்தத்தில் எனக்காக முழுகாதே, விரதம் பிடிக்காதே. இதுவரை பிடித்த விரதங்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தனவோ, அவர்களுக்கு என் கும்பிடு. நீ நன்றாகப் படி. கண்ணகை அம்மன் உன்னையும் உன் அம்மாவையும் காக்கட்டும்.

கீழே பெயர் எழுதப் பேனையை வைத்தேன். எழுதினால் அது ஆண்பாலாகிவிடும். ‘அவரில்லை’ என்றில்லாமல் ‘அவர்’ என்றே அவள் வாயால் ஒரு தரம் வரும்வரை அந்த உரிமை எனக்கில்லை. என் எழுத்து ஒன்று உன் பெயருக்கு முன்னால் இருக்கிறது, அது போதும். கையொப்பம் இல்லாமலே இதைத் தபாலில் போடப்போகிறேன்.